பதினான்கு மாடி ஏறியவர்

லிப்ட் மெக்கானிக்குக்கு ஐம்பத்திரண்டு வயதில் மலையேறும் ஆசை தானாக வரவில்லை. மச்சினன் வரவழைத்தான். மனைவியின் ஒரே தம்பி. ஒரு மலை ஏறிவிட்டு ஒன்பது மாதம் அதையே அளந்துகொண்டிருப்பவன்.

"மாமா பட்டன அமுக்கியே மேல போறவரு, அவருக்கு என்ன தெரியும்?" என்று சாப்பிடும்போது சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. தான் லிப்ட் பராமரிக்கும் பதினான்கு மாடிக் கட்டடத்தில் கருவிப் பையை முதுகில் சுமந்து தினமும் ஆறு முறை ஏறினார். ஏறி முடித்ததும் ஜம்மென்று லிப்டில் இறங்கினார். கையிலேயே லிப்டை வைத்துக்கொண்டு எந்தப் புத்திசாலி படியில் இறங்குவான்?

மூன்று மாதம் கழித்து மச்சினனோடு போன பனிமலையில் மனிதர் வெளுத்து வாங்கினார். "மெதுவா சார், மெதுவா" என்று வழிகாட்டியே கெஞ்ச வேண்டியிருந்தது. மச்சினனோ போட்டோ எடுக்கும் சாக்கில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நான்காம் நாள் உச்சியில் நின்றபோது அவனை மன்னித்துவிடலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

பிறகு இறக்கம் என்று ஒன்று வந்தது. நூறடி போவதற்குள் முழங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. மூன்று மாதத்தில் ஒரு படிகூட இறங்கிப் பழகவில்லை என்பது மகா கெட்டிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

அதே நேரம் மச்சினன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தான். கண் சொருகியது.

"உயரம் ஒத்துக்கல. உடனே கீழ இறக்கலேன்னா உயிருக்கே ஆபத்து. நீங்க ஒரு பக்கம் புடிங்க சார்," என்றான் வழிகாட்டி.

ஐந்து மணி நேரம். கால் நிற்காத சரிவுகளில் உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு, அவனை நெஞ்சில் சாய்த்து இறக்கினார். கால்சட்டை கிழிந்தது. வலி தாங்காமல் வெட்கமில்லாமல் அழுதார். அழுதுகொண்டே, "வாயத் திறந்து எதாவது அளந்து விடுடா மாப்ளே," என்று கெஞ்சினார். அவன் தலை இவர் தோளில் துவண்டு விழுந்தது. மனைவியிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்தபடியே அடுத்த சரிவில் உட்கார்ந்தார்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் மருத்துவர், "பொழச்சுட்டாரு," என்ற பிறகுதான் போனை எடுத்தார். நடந்ததையெல்லாம் மனைவியிடம் ஒப்பித்தார்.

"நீங்க எப்படி எறங்குனீங்க?"

"பாதி தூரம் உக்காந்துதான் வந்தேன். முட்டி வேலை செய்யல."

சிரிப்பு வரும் என்று காத்திருந்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"அவன் கெடக்கான். உங்க முட்டி இப்ப எப்படி இருக்கு?"