மூன்று வீட்டுக் குளியல்

ஊருக்கெல்லாம் ஹீட்டர் மாட்டுவதுதான் என் அப்பாவின் தொழில். ஆனால் எங்கள் வீட்டு ஹீட்டரைத் தேர்ந்தெடுத்தது நான். அப்போது எனக்கு எட்டு வயது. சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் பெரியம்மா வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த எங்களை, கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு அப்பா கூட்டி வந்திருந்தார். சொந்த வீடு. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்கோ அழுகை நிற்கவில்லை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடத்தில் கேட்டைப் பூட்டிக்கொண்டு நாள் முழுக்க யாரோடு பேசுவது என்று கேட்டார். பாத்திரப் பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. இரண்டாவது வாரம், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஹீட்டரும் டப்பென்று புகைந்து செத்தது.

"பாத்தீங்களா, வீடே நம்மள வேணாங்குது," என்றார் அம்மா. பள்ளி விடுமுறை வரைக்கும் பார்ப்பாராம். அதற்குள் மனசு ஒட்டாவிட்டால் என்னைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கே போய்விடுவாராம். அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கும் அழுகைதான், காரணம்தான் வேறு. காலை ஐந்தரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பள்ளி பஸ் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அப்பாவின் வேனில் என் பென்சில் பெட்டியைத் தேடியபோது ஏணிக்கு அடியில் புது ஹீட்டர் ஒன்று பெட்டியோடு இருந்தது. நமக்கா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"கஸ்டமரோடது லா. கை வைக்காத."

கை வைக்கவில்லை. மூலையில் ஒரு பூனை ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிவைத்தேன்.

மறுநாள் அப்பா அறிவித்தார்: கடையில் கண்ணால் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவோம், ஓடுகிற ஹீட்டரில் குளித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குளிக்க வேண்டியது நான். பெரியவர்களுக்குத் தோல் மரத்துப்போயிருக்கும், பிள்ளைகளுக்குத்தான் சூடு சரியாகத் தெரியுமாம். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் கூட அம்மா போக வேண்டும்.

"முன்னபின்ன தெரியாத வீட்ல போய்க் குளிக்க வைக்கிறதா? மானம் போயிரும்."

"மூணு வீட்லயும் சொல்லிட்டேன். வாங்கன்னுட்டாங்க. போகலன்னாத்தான் மானம் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக நான் முன்னே நடந்தேன். கொலைக் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு அம்மா பின்னே வந்தார்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியின் ஹீட்டரில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. குளித்து முடித்து வந்தபோது அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மலாய்க்கார மாக்சிக் வீட்டிலோ, வெந்நீர் பட்டுத் துள்ளிக் குதித்துவிட்டேன். வெளியே வந்தால் அம்மாவை நாற்காலியில் காணோம். அடுப்படியில் நின்று மாக்சிக்கின் சம்பலை உள்ளங்கையில் வாங்கி ருசி பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மாக்சிக் ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பலகாரம் கொடுத்துவிட்டார்.

மூலை வீடு ஒரு தமிழ் அக்காவுடையது. அங்கேதான் தண்ணீர் பதமாக, பூப்போல விழுந்தது. கண்ணை மூடி நின்றிருந்தபோது கதவுக்கு வெளியே யாரோ சிரிப்பது கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. பிரிக்பீல்ட்ஸை விட்டு வந்த நாளிலிருந்து நான் அதைக் கேட்கவே இல்லை. அந்த அக்காவும் அம்மாவைப் போலவே செந்தூலில் பிறந்து வளர்ந்தவராம், இரண்டு பேரும் ஒரே பள்ளியாம். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போன பிறகும், போதும் வெளியே வா என்று கதவைத் தட்ட ஆளில்லை. அப்படி ஒரு சந்தோஷமான குளியலை அதற்குப் பிறகு நான் குளித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். நாலு, ஆறு, ஒன்பது என்று ரொம்பவும் யோசித்து மார்க் கொடுத்தேன். எழுதிக்கொண்டாரே தவிர என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வியெல்லாம் அம்மாவிடம்தான். "அப்புறம்? அவங்க என்ன சொன்னாங்க? நீ என்ன சொன்னே?" ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்குக் கோபமாக வந்தது.

அம்மா நிறுத்தாமல் பேசினார். மாக்சிக்கின் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியாதே, பாயாசம் வைக்கப் பெரிய பானை வேண்டுமே என்று பேச்சோடு பேச்சாகக் கத்தியை எடுத்துப் பாத்திரப் பெட்டியைக் கிழித்தார். அந்தப் பானை கடைசிப் பெட்டியில் இருந்தது.

எல்லாப் பெட்டியும் காலியானதும் அப்பா எழுந்து வேனுக்குப் போனார்.

"உன் மார்க்குப்படி பாத்தா இதுதான் சரி," என்று ஒரு ஹீட்டர் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதன் மூலையில் என் பூனை இருந்தது.

எனக்குப் பகீரென்றது. கஸ்டமருடையதை அல்லவா அப்பா எடுத்துவந்துவிட்டார்! அம்மா அவ்வளவு சந்தோஷமாகப் பாயாசம் கிண்டிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் விடியற்காலையில், பதமான வெந்நீரில் நின்றபடி வேண்டிக்கொண்டேன். முருகா, பச்சைத் தண்ணீரில் குளிக்கிற அந்தக் கஸ்டமருக்கும் சீக்கிரம் ஒரு ஹீட்டர் கிடைக்கட்டும்.