ஓக்-பூன் அக்காவின் மூடாத கண்

கொரியாவின் மொக்போ துறைமுக மீன் சந்தையில் எனக்கு அடுத்த கடை ஓக்-பூன் அக்காவுடையது. கணவர் போன பிறகு பதினெட்டு வருடமாக ஆக்டோபஸ் விற்றே மகள் நாரேயைப் படிக்க வைத்தவர். வாய்ச்சண்டையில் அவரை ஜெயிக்க சந்தையில் ஆள் கிடையாது. தன் வலியைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். எனக்கு எரிச்சல் மூட்டுகிற குணம் அது.

நாரேக்குச் சியோல் பையனோடு கல்யாணம் நிச்சயமானதும், முதல் வேலையாக அம்மாவுக்குக் கண்ணிமை அறுவை சிகிச்சை செய்துவைத்தாள். எங்கள் பக்கம் பிள்ளைகள் பெற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை இது. தொங்கிப்போன இமையை வெட்டித் தைத்தால் பத்து வயது குறைந்துவிடும் என்பார்கள். சந்தையே பொறாமைப்பட்டது. நானும்தான்.

மூன்று மாதமாயிற்று. தையல் பிரித்து, வீக்கம் வடிந்த பிறகும் வலது கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல் நிற்கவில்லை. எந்நேரமும் நீர் வழிந்தது. கேட்டால் கடல் காற்று என்பார். கறுப்புக் கண்ணாடியோடு கடையில் உட்கார்ந்திருப்பவரை, நடிகை வந்துவிட்டார் என்று கேலி செய்தோம். இப்போது நினைத்தால் கூசுகிறது.

சந்தை விடுமுறையன்று மதியம் இருவரும் வெந்நீர்க் குளியல் கூடத்துக்குப் போனோம். குளித்துவிட்டுச் சூடான தரையில் படுத்தோம். சற்று நேரம் கழித்து அவர் பக்கம் திரும்பினேன். அக்கா தூங்குகிறார், வலது கண் மட்டும் கால்வாசி திறந்து வெள்ளை விழி தெரிகிறது. மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தேன், மூச்சு வந்தது. உலுக்கி எழுப்பிக் கண்ணை உற்றுப் பார்த்தேன். கருவிழியில் அரிசி நுனியளவு ஒரு வெள்ளைப் புள்ளி.

"இமை மூடவே மாட்டேங்குதுடி. தோலை அதிகமா வெட்டிட்டாங்க போல," என்றார்.

கல்யாணத்துக்கு மூன்றே வாரம். இரண்டு அம்மாக்களும் மேடையேறி மெழுகுவர்த்தி ஏற்றினால்தான் எங்கள் கல்யாணம் தொடங்கும். அவருக்கோ அந்தக் கண்ணில் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறதாம். அப்படியும் மகளிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை ஆசையாகச் செய்ததைக் குறை சொன்னால் அவள் மனசு உடைந்துவிடுமாம்.

சரியென்று தலையாட்டிவிட்டு, உடை மாற்றும் அறையிலிருந்தே நாரேக்குப் போன் போட்டேன். கண் போகிற நேரத்தில் எனக்கு வாக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது?

மறுநாள் காலை ரயிலிலேயே கடைக்கு வந்துவிட்டாள். என்னை அக்கா பார்த்த பார்வைக்கு நான் அங்கேயே சாம்பலாகியிருக்க வேண்டும். நாரே அம்மாவின் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் பார்த்தாள். கண் மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று, இப்போதே கிளம்பு என்றாள். பிறகு ஆக்டோபஸ் தொட்டியைப் பார்த்தபடி பேசினாள்.

"ஆசையா செஞ்சேன்னு நெனைக்காதம்மா. ரெண்டு வீட்டாரும் ஒண்ணா சாப்பிட்டப்ப, உன் தொங்கின இமையைப் பார்த்துட்டு, 'உங்க அம்மா சரியா தூங்கலையா'ன்னு அவரோட அம்மா என்கிட்ட கேட்டாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. அதுக்குத்தான் உன்னை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

அக்கா ஈரக்கையை முன்துணியில் துடைத்துக்கொண்டார்.

"அது எனக்கும் கேட்டுச்சுடி. உன் மூஞ்சி சுருங்கினதையும் பார்த்தேன். அதனாலதான் நீ கூப்பிட்டதும் போய்ப் படுத்தேன்."

மீன் தண்ணீர் ஓடும் தரையிலேயே நாரே உட்கார்ந்துவிட்டாள்.