நரைத் தலைக்கு ஒரு கறுப்புக் கோட்டு

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால், நிவித்திகல பக்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே வந்த ஒரு பெண் என்னைக் கண்டதும் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்று கும்பிட்டாள்.

யாரைக் கும்பிடுகிறாள்? திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. என்னைத்தான்!

பள்ளிக்கூட வாத்தியாருக்கு வழிவிட்டு யாரும் கானில் இறங்குவதில்லை. "சலாம் மாஸ்டர்" என்று போகிற போக்கில் சொல்வார்கள். எஹலியகொட பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இத்தனை வருஷமாக நான் வாங்கிவரும் மரியாதை அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் என்ன வந்தது? காரணம் என் தலையா, கோட்டா... அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்புவரை என் தலை நல்ல கறுப்பு. புட்டியில் வாங்கிய கறுப்பு. காதோரமெல்லாம் புண்ணாகி, "இனிமே பூசினா காதே இருக்காது மாஸ்டர்" என்று தோட்டத்து மருந்துக்காரர் பயமுறுத்தியதால் விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. பிறகு முழு வெள்ளை. ஒருநாள் கண்ணாடியில் பார்த்தேன் — வெள்ளைத் தலை, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்து நின்றால் என்னைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்!

எஹலியகொட கடைத்தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போனேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாஸ்டர், நரச்ச தலைக்கு வெள்ள உடுப்பு சரிவராது. ஆளு மங்கிப் போற. கறுப்புல கோட்டு ஒண்டு தச்சித் தாரன், போட்டுப் பாருங்க. தல பளிச்சிண்டு தெரியும்."

தைத்துத் தந்தார். பழைய கடிகாரத்துக்கு ஒரு செயின் மாட்டினேன். கையில் குடை. தலைப்பாகை மட்டும் வேண்டாம் என்று விட்டேன். இவ்வளவு பாடுபட்டு வளர்த்த நரை வெளியே தெரிய வேண்டாமா?

"பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள் என் மனைவி.

அந்த அலங்காரத்தோடுதான் நிவித்திகலவில் ஒரு சிநேகிதர் வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, செயின், குடை, நரைத்த தலை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இது யாருடைய வேஷம் என்று தெரியும். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கும் பெரிய கங்காணியின் வேஷம். எனக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? கண்ணாடியில் தலையைப் பார்த்த அவசரத்தில் மற்றதைப் பார்க்காமல் விட்டேன்.

"கும்புடுறேங்க கங்காணி ஐயா. ஆள் சேக்க வந்தீங்களா? எந்தத் தோட்டமுங்க?" என்றாள் கானில் நின்றவள்.

"எஹலியகொட பக்கம்" என்றேன். உண்மைதானே!

"அங்க மேட்டுத்தோட்டத்துலதாங்க எம் மகளைக் கட்டிக் குடுத்திருக்கு. ஏழு மாசமுங்க, தலைப்பிரசவம். மாமியாக்காரியும் இல்ல. எம் பேரை அங்க பதிஞ்சுக்கங்க ஐயா. பால் வெட்டுவேன், புல்லு வெட்டுவேன், எந்த வேலையும் செய்வேன்."

குனிந்த தலையை அவள் நிமிர்த்தவே இல்லை. தொடர்ந்து சொன்னாள்: "சின்ன வயசுக் கங்காணின்னா கேட்டிருக்க மாட்டேங்க. நரைச்சவுகளுக்குத்தான் பெத்த மனசு தெரியும்."

'அம்மா, நான் வெறும் வாத்தியார்' என்று சொல்ல எத்தனை நேரமாகும்? சொல்லவில்லை. ஒரு மனுஷி கானில் இறங்கி நின்று கும்பிட்டது உள்ளுக்குள் இனித்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பார்ப்போம்" என்றேன். குரல்கூடக் கங்காணிக் குரலாகத்தான் வந்தது.

பஸ் வந்துவிட்டது. "வர்ற ஞாயித்துக்கெழமை மூட்டையோட இங்கயே நிக்கிறேங்க!" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டாள்.

அவள் மூட்டையோடு வந்து நிற்பாளே என்ற நினைப்பு அந்த வாரம் முழுக்க விடவில்லை. மேட்டுத்தோட்டத்துக்கே போய், அங்குள்ள உண்மையான கங்காணியைக் கேட்டேன்.

"ரப்பர் வெலை விழுந்து கெடக்கு மாஸ்டர். இருக்கிற ஆளுக்கே எல்லா நாளும் வேலை இல்ல. புது ஆளைத் தொரை எடுப்பாரா? பேர் பதியாத ஆளை லயத்து வீட்டுல வச்சா என்னையும் சேத்து வெரட்டுவாரு."

மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "போயி உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. அந்த மனுசி நம்பிக்கிட்டு நிக்கும்" என்றாள்.

போனேன். பழைய வெள்ளைச் சட்டையோடு. பொய்க்குப் போட்ட கோட்டு உண்மைக்கு எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

அதே இடத்தில் மூட்டையோடு நின்றாள். பிள்ளைக்குக் கிழித்து வைத்த பழைய சேலைத் துணி மூட்டை வாயில் தெரிந்தது. பிரசவத்துக்கு இடித்த காய மருந்தின் வாசம் அடித்தது.

"அம்மா, அன்றைக்கு வந்த கங்காணி நான்தான். ஆனால் நான் கங்காணி இல்லை" என்றேன்.

எனக்கே விளங்காத பேச்சு. அவளுக்கு எப்படி விளங்கும்? முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"தள்ளி நில்லுங்க தாத்தா. கங்காணி ஐயா வர்ற நேரம்."

"இதே தலைதானம்மா, நரையைப் பார்!"

"நரைச்ச தலைக்கு ஊருல பஞ்சமா? அவரு கறுப்புக் கோட்டு, செயின் வச்ச கடியாரம்... எம்புட்டுப் பெரிய மனுசர்! அவரை நம்பி இந்த மாசக் கடைசியோட இங்க எங்க தோட்டத்துல எம் பேரை வெட்டச் சொல்லிட்டேன். நீங்க யாரு குறுக்கால?"

பஸ் வந்தது. இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்தாள். பஸ் போனது. மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, என் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே ஆறுதல் சொன்னாள்: "அவருக்கு என்ன வேலையோ... அடுத்த ஞாயித்துக்கெழமை வந்துருவாரு."

மாசக் கடைசிக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அவள் பெயரை வெட்டிவிட்டால் இங்கேயும் இடமில்லை, அங்கேயும் இடமில்லை. கோட்டைத் தீயில் போடலாமா என்றுகூட யோசித்தேன். முடியாது...

நான் சொல்லப்போகும் உண்மையை அந்தக் கோட்டைப் போட்டிருந்தால்தான் அவள் நம்புவாள்!