சிவப்புத் தட்டும் இருபத்தெட்டு விநாடியும்

அந்தக் கடிதத்தில் தேதி போடவில்லை. உறை மேலிருக்கும் அமெரிக்க முத்திரையில் 1984 மார்ச் என்பது மட்டும் தெரிகிறது, நாள் கலங்கிவிட்டது. தென்னூரில் எனக்கு அது வந்து சேர்ந்தது ஏப்ரல் 11, புதன்கிழமை. மொத்தம் மூன்று வரி: ‘நீங்கள் எழுதியிருக்கும் நேரம் தவறு. எங்கள் ஆட்களால் அவ்வளவு வேகமாக வாசிக்க முடியாது. எழுதியதற்கு நன்றி.’ கூடவே ஒரு ஸ்டிக்கர்.

நாங்கள் ஐந்து மாதமாகக் காத்திருந்தது ஸ்டிக்கருக்காக அல்ல, ஒரு சிவப்பு இசைத்தட்டுக்காக.

நாங்கள் என்றால் நானும் ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் குடியிருந்த என் நண்பரும். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நாகசுரத் தட்டுகளும் சினிமாப் பாட்டுத் தட்டுகளும் சேர்த்துக்கொண்டிருந்த எங்களிடம் 1983 ஆகஸ்டில் ஹார்ட்கோர் பங்க் என்ற அதிவேக ராக் இசை வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மாஸ்டருடைய மைத்துனன், ஊருக்கு வந்த ஒருவரிடம் துணிமணிகளோடு ஒரு சின்னத் தட்டையும் கொடுத்தனுப்பியிருந்தான்.

மாஸ்டர் வீட்டில் அதைப் போட்டுக் கேட்டோம். தனியாவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையில் மிருதங்கம் எந்த வேகத்தைத் தொடுமோ, இவர்கள் அங்கிருந்துதான் தொடங்கினார்கள். நிமிர்ந்து உட்காருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. மாஸ்டர் ஊசியை எடுத்து மறுபடி வைத்தார். அன்றைக்குப் பதினோரு முறை கேட்டோம். எண்ணி வைத்திருக்கிறேன்.

தட்டு உறையின் பின்பக்கத்தில் இருந்த கம்பெனி விலாசத்துக்கு எழுதினேன். அந்தக் கம்பெனி என்பது ஒருவருடைய வீட்டு அறை என்று பிறகு தெரிந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வழியில்லாததால் பண்டமாற்று பேசினோம்: இங்கிருந்து நாகசுரம், அங்கிருந்து பங்க். மூன்றாவதாக வந்த தட்டுக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. இதில் மிகச் சிறிய பாட்டு எது, எத்தனை விநாடி என்று சரியாக எழுதுகிறவர்களுக்குக் இதே தட்டு, கடைகளில் கிடைக்காத சிவப்பு நிறத்தில், ஒன்று இலவசம். கடைசித் தேதி குறிப்பிடவில்லை.

“ஓய், இது நமக்குன்னே வெச்ச போட்டி” என்றார் மாஸ்டர். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு வைத்திருக்கும் ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூன்று முறை அளந்தோம். மூன்று முறையும் இருபத்தெட்டு. நவம்பரில் அதை எழுதிப் போட்டேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப்பார்த்தார். “ஏன்னா, ரெண்டு பேரும் பரீட்சை எழுதறேளா?”

“சித்த சும்மா இரு. உன் தம்பி பண்ணின உபகாரம்.”

“அவனை இதுக்கா அமெரிக்கா அனுப்பினோம்! அந்தப் பொண்ணு மூச்சு விடாம கத்தறாளே, பாவம், தொண்டை கட்டிக்கப்போறது.”

பாடுவது பெண் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

கடிதம் வந்த அன்று மாலையே காவிரிப் பாலத்தில் சைக்கிளை மிதித்துப் போய் அதை மாஸ்டரிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. “தட்டு குடுக்க மனசில்லேன்னு சொல்லட்டுமே! என் வாட்ச் தப்புன்னு அவன் எப்படிச் சொல்லலாம் ஓய்?”

“வாட்ச் தப்புன்னு சொல்லலீங்க மாஸ்டர். வேகமா வாசிக்க முடியாதுங்கறாரு.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நடுத்தாளை ஒட்டிய வழவழப்பான பகுதியில், ஆணியால் கீறியதுபோல், 33 என்றிருந்தது. எங்களிடமிருந்த சினிமாச் சின்னத் தட்டுகளெல்லாம் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுழல்பவை. சின்னத் தட்டென்றால் நாற்பத்தைந்து என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை. எட்டு மாதமாக, வந்த பங்க் தட்டுகளையெல்லாம் அப்படித்தான் கேட்டிருக்கிறோம்.

மாஸ்டர் வேகக் குமிழை 33க்குத் திருப்பி ஊசியை வைத்தார். தடித்த ஆண்குரல் ஒன்று கூடத்தை நிறைத்தது.

“அய்யோ, அந்தப் பொண்ணு எங்கேன்னா போயிட்டா?” என்றார் அவர் மனைவி.

யாரும் சிரிக்கவில்லை. வேகம் குறைந்தால் சப்பென்றாகிவிடும் என்று பயந்திருந்தேன். நடந்தது வேறு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்த ஆள் மூச்சு இழுப்பது கேட்டது. குச்சிகள் தோலில் விழுவது தனித்தனியாகக் கேட்டது. இத்தனை நாள் ஏதோ இயந்திரத்தைக் கேட்டு வியந்திருக்கிறோம். இப்போது அங்கே நான்கு மனிதர்கள் இருந்தார்கள். தங்கள் கையால் எட்ட முடிந்த கடைசி வேகத்தில் வாசித்தார்கள். பாட்டு முடிந்தும் மாஸ்டர் வாட்சை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறைதான் அளந்தோம். முப்பத்தெட்டு.

அந்த வாரமே திருத்தி எழுதினேன். செப்டம்பரில் அச்சடித்த அட்டை ஒன்று வந்தது: சலுகை முடிந்துவிட்டது. என்றைக்கு முடிந்தது என்றில்லை. மாஸ்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “அந்தச் சீட்டு தபால்லே வரச்சேயே முடிஞ்சிருக்கும்” என்று திருப்பிக் கொடுத்தார். என் நோட்டில் ‘தருவதாகச் சொன்னது’, ‘வந்தது’ என்று இரண்டு பத்திகள் உண்டு. சுவரொட்டி, பாட்டுப் புத்தகம், சட்டையில் குத்தும் பட்டன் என்று பல கம்பெனிகள் சொன்னவை முதல் பத்தியை நிரப்பின. இரண்டாவதில் பெரும்பாலும் வெள்ளைத்தாள்தான்.

சேகரிப்பவர்கள் நகலெடுத்துச் சுற்றுக்கு விட்ட பட்டியல்களில் அந்தத் தட்டு இருக்கிறது, கறுப்பு மட்டும். 1987இல் கம்பெனிக்கு மறுபடி எழுதினேன். விலாசதாரர் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. சிவப்பில் ஒரு தட்டாவது அச்சாயிற்றா என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.