எண்ணெய் படக்கூடாத வட்டு

மக்கர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். சைக்கிளும் தையல் மிஷினும் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். எந்த மிஷினும் தானாக மக்கர் பண்ணி நான் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருப்பார், இல்லையென்றால் செய்யக் கூடாததைச் செய்திருப்பார். பிறகு அவர் வாயிலிருந்துதான் முதலில் அந்தச் சொல் வரும். இதை நாலு பேர் நடுவில் சொல்லும் தைரியம் எனக்குக் குறைவு. எழுதத்தான் முடிகிறது.

யுத்தம் முடிந்த கையோடு தூத்துக்குடியில் இருந்த துரைமார் பலர் மூட்டை கட்டினார்கள். அவர்கள் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. நாற்காலி வாங்கப் போன என் அக்காள் கணவர் தூண்டில் கம்பும் ரீலுமாகத் திரும்பி வந்தார். அத்தானுக்குப் பலசரக்குக் கடை. பூர்வீகம் விளாத்திகுளம் பக்கம்; அங்கே மழைத் தண்ணீருக்கே வழி கிடையாது. ஆனால் அந்த ரீல் கைக்கு வந்ததிலிருந்து அவர் பேச்செல்லாம் நீரோட்டம், காற்று, பாறை மீன் என்று ஆகிவிட்டது.

ரீல் நல்ல வேலைப்பாடு. பித்தளையில் செய்து வெள்ளை முலாம் பூசியது. பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு லீவர். அதை முன்னே தள்ளத் தள்ள உள்ளே ஒரு தோல் வட்டு பித்தளைத் தட்டோடு அழுந்தும்; நூல் ஓடுவது கனக்கும். பின்னே இழுத்தால் லேசாகும். பெரிய மீன் இழுக்கும்போது நூலை அடியோடு நிறுத்தினால் அறுந்துவிடும். அடியோடு விட்டால் முழு நூலையும் மீன் கொண்டு போய்விடும். இழுத்து இழுத்து மீன் களைக்கிற அளவுக்கு விட்டுப் பிடிக்க வேண்டும். அந்த அளவைக் காப்பது அந்த வட்டுதான்.

வந்தபோது அந்தத் தோல் அப்பளம் போலக் காய்ந்திருந்தது. லீவரைத் தள்ளினால் முதலில் பிடிக்கவே பிடிக்காது. அப்புறம் வெடுக்கென்று பிடிக்கும். புதுத் தோல் வெட்டிப் போட்டுப் பார்த்தேன். ஈரம் பட்டதும் உப்பிக்கொண்டது. தக்கையைச் சீவிப் போட்டேன், பொடிந்துவிட்டது. கடைசியில் பழைய பட்டாளத்து லாரி ஒன்றின் பிரேக் லைனிங்கில் ஒரு துண்டு கிடைத்தது. அதை வட்டமாக அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, வேண்டிய கனத்துக்குக் கொண்டுவந்தேன். பித்தளைத் தட்டில் விழுந்திருந்த கோடுகளையும் தேய்த்து எடுத்தேன். பிறகு நூல் நுனியை அத்தான் கடை ஸ்பிரிங் தராசின் கொக்கியில் கட்டி இழுத்துப் பார்த்தோம். லீவர் பாதியில் நிற்க, நூல் சீராக வந்தது. தராசு முள் ஒரே இடத்தில் நின்றது, நடுங்கவில்லை. நான் செய்த வேலைகளில் அதைப் போல வேறொன்று எனக்குத் திருப்தி தந்ததில்லை.

"அத்தான், ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. அச்சுல ஒரு சொட்டு எண்ண விடலாம், கைப்பிடியில ஒரு சொட்டு விடலாம். இந்த வட்டுல மட்டும் எண்ண படவே கூடாது. கடலுக்குப் போயிட்டு வந்தா நல்ல தண்ணியில துணிய நனச்சு வெளிய தொடச்சுட்டு, லீவரப் பின்னால தள்ளி வச்சிருங்க."

"எண்ண காணாத இரும்பு உண்டால? தராசுக்கே நாந்தான் எண்ண போடுதேன்."

"தராசு ஆடணும் அத்தான். இது பிடிக்கணும்."

"சரி வே, இஞ்சினீரு."

அவரைக் கடலுக்குக் கூட்டிப் போனவர் ஒரு சங்கு குளிகாரர். அடைமழை ஓய்ந்து கடல் தெளிந்த பிறகுதான் சங்கு குளிப்பு தொடங்கும். அதுவரை தன் சிறிய வள்ளத்தில் இப்படி ஆட்களைக் கூட்டிப் போவார். கடலடி மணலில் சங்கைத் தடவி எடுக்கிற கை அது. அந்தக் கையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. முதல் முறை போய்ப் பெரிய பாறை மீனோடு வந்தார்கள். குளிகாரர் என் கடை தேடி வந்தார்.

"அண்ணாச்சி, ஒம்ம பிரேக்கு சோக்காப் பிடிக்கி. அதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாரும். எம் பொஞ்சாதி வாய்க்குப் போடணும்."

நான் சிரித்தேன். சந்தோஷமாக இருந்தது.

அதற்கப்புறம் ஆயுத பூசை வந்தது. பூசை முடிந்து சில நாளில் இருவரும் மறுபடி கடலுக்குப் போனார்கள். குளிகாரர் வலது கையில் துணி சுற்றிக்கொண்டு கரைக்கு வந்தார். நடுவிரலையும் மோதிர விரலையும் நூல் அறுத்து எலும்பு தெரிந்ததாம்; இரண்டும் மடங்கவில்லையாம். எனக்குச் செய்தி வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வீட்டுக்கே போயிருந்தார்.

அத்தான் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்: "ரீலு மக்கர் பண்ணிட்டு. மச்சான் செஞ்ச பிரேக்குல்லா. என்ன இருந்தாலும் சைக்கிள் கடை வேலதான."

அது என் காதுக்கு வர நேரமாகவில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த ஒருவர், "அண்ணாச்சி, இந்தப் பிரேக்காவது பிடிக்குமா?" என்று கேட்டார். காற்றடித்து அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் குளிகாரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நின்றார்.

"வாங்க பிரேக்குக்காரரே. மிச்ச வெரலப் பாக்க வந்தீகளா?"

"சும்மா இரு ஏளா," என்றார் குளிகாரர். என்னை உட்காரச் சொன்னார். என்ன நடந்தது என்று நான் கேட்காமலே சொன்னார்.

"பெரிய மீனு அண்ணாச்சி. ஒம்ம அத்தான் லீவர முழுசாத் தள்ளிட்டாரு. நூலு நிக்கவே இல்ல, வழுக்கிக்கிட்டு ஓடுது. 'கைய வச்சுப் பிடிடே, போகுது போகுது'ன்னு கத்துதாரு. நானும் பிடிச்சிட்டேன். பிடிக்கப்பிடாதுன்னு எனக்குத் தெரியும். அவரு போட்ட சத்தத்துல கை தானாப் போயிட்டு." இடது கையால் துணிக் கட்டைச் சரி செய்தார். "ஒரு கூத்து கேளும். கடல் நடுவுல தோசக்கல்லு மணம். ஓடி ஓடி ரீலு சூடாயிட்டா, அதுல இருந்து நல்லாத் தோச சுட்ட மணம் வருது. எனக்குப் பசி கூட எடுத்துச்சு."

நான் எழுந்துவிட்டேன். நேரே அத்தான் கடைக்குப் போய், அலமாரியில் இருந்த ரீலை எடுத்து, மேசை மேலேயே திருகாணிகளைக் கழற்றினேன். மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெய் மணம் வந்தது. என் வட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் எண்ணெயில் குழைந்து, கருகி, பிசினாக ஒட்டியிருந்தது.

"இது என்ன அத்தான்?"

அவர் எட்டிப் பார்த்தார். கொஞ்சமும் கூசவில்லை. "பூசைக்குத் தராசு, படிக்கல்லு எல்லாத்துக்கும் எண்ண தொட்டுப் பொட்டு வச்சேன். இதையும் தொறந்து வச்சேன். வெளிய மட்டும் வச்சா சாமிக்கு மனசு நெறயுமால?"

"எண்ண படப்பிடாதுன்னு சொன்னேன்லா?"

"சாமிக்குச் செஞ்சதக் குத்தம்ங்கியா?"

கடையில் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், ஏதோ நான் சாமி விளக்கை ஊதி அணைத்தவன் போல. எந்தச் சாமி தன் பொட்டை பிரேக் வட்டுக்குள் கேட்டது? அதை விட்டுவிட்டு, இவ்வளவுதான் சொன்னேன்: "அவருகிட்டப் போயி, எண்ண விட்டது நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொன்னா வெரலு மடங்கிருமா?"

ரீலை அப்படியே துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். திருகாணிகளில் ஒன்று தெருவில் விழுந்தது. குனிந்து தேடக்கூட இல்லை. குளிகாரர் வீட்டுக்குத் திரும்பிப் போய் வட்டைக் காட்டினேன். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவர் மனைவி குங்குமத்தைத்தான் பார்த்தார்.

"பூச ஒங்க வீட்டுல, காவு எங்க வீட்டுலயா அண்ணாச்சி?"

வட்டையும் ரீலையும் மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மழை ஓய்ந்தது, கடல் தெளிந்தது. காயம் மேலே மூடியிருந்தது. குளிகாரர் நம்பிக்கையோடு மற்ற குளிகாரர்களோடு போனார். உப்புத் தண்ணீரில் புண் மறுபடி வாய் திறந்துகொண்டது. மடங்காத இரண்டு விரலை வைத்துக்கொண்டு சங்கைப் பற்றவும் முடியவில்லை. வெறுங்கையோடு மேலே வந்தவரைப் படகுக்காரர் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பருவமும் போயிற்று, அடுத்த பருவமும் போயிற்று.

அத்தான் அவரைத் தன் கடையில் புளி நிறுக்க வைத்துக்கொண்டார். ஊர் அத்தானைப் புண்ணியவான் என்றது. குளிகாரரே ஒரு நாள் என்னிடம், "சோறு போடுதவர எப்படி அண்ணாச்சி வைய?" என்றார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. மூச்சடக்கிக் கடலடிக்குப் போய் வந்தவர், மூன்று விரலால் புளியைக் கிள்ளித் தராசுத் தட்டில் போட்டுக்கொண்டு, தன் கையைக் கெடுத்தவருக்கு நன்றியும் சொல்ல வேண்டியிருந்தது. அத்தான் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை கடைசிவரை வரவே இல்லை.

ரீலை நான் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து உலர்த்தினேன். வட்டு எண்ணெயை உள்ளே குடித்திருந்தது. எறிந்துவிட்டு அதே லைனிங்கில் வேறொன்று அறுத்துப் போட்டேன். தொலைந்த திருகாணிக்குப் பதில் புதிதாக ஒன்று கடைந்தேன். ரீல் இப்போது முன்னைவிட நன்றாகப் பிடிக்கிறது. அத்தான் கைக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த ஆயுத பூசைக்கு முந்தின நாள் கடைக்குப் போயிருந்தேன். அத்தான் படிக்கற்களை வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம்.

"ரீலு எங்கல? பூசைக்கு வைக்கணும்லா."

"மக்கர் பண்ணிட்டு அத்தான்," என்றேன்.

தராசுப் பக்கம் நின்ற குளிகாரர் தலை நிமிராமலே சிரிப்பை அடக்கினார். தட்டில் இருந்த புளி மட்டும் கொஞ்சம் ஆடியது.