சிவப்பு நூல் கட்டாத டின்

காலையில் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு குறுஞ்செய்தி: உங்களுக்குப் பிடித்த பிஸ்கட் இப்போது சலுகை விலையில். போன வாரம் என் மகளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்ததே அந்த பிஸ்கட்தான். வேர்க்கடலை அவளுக்கு ஆகாது. முகம் வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளும். நான்கு வருடமாகத் தின்ற பிஸ்கட்டில் திடீரென்று கடலையைச் சேர்த்திருக்கிறார்கள். "கம்பெனி மாத்தினது எங்களுக்கே தெரியாது மேடம்" என்றார் கடை மேனேஜர். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். நான்தான் உப்புப் பாக்கெட்டைக்கூடப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கடலை ஆகாதது எங்கள் குடும்பச் சொத்து. நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தபோது என் தம்பிக்கும் இதே கதை; என்னை மட்டும் அது ஒன்றும் செய்யாது. பிளாக் முனையில் அண்ணாச்சி கடை. அதற்குத் தட்டை சுட்டுப் போடுகிறவர் கம்மாபுரம் செல்வி அக்கா. தம்பியின் சங்கதியை அண்ணாச்சி சொன்ன நாளிலிருந்து, கடலை அரைத்துப் போட்ட டின்னுக்கு அக்கா சிவப்பு நூல் கட்டி அனுப்புவார். நூல் இருந்தால் எங்கள் வீட்டுக்குக் கிடையாது. அவ்வளவுதான் சட்டம்.

நான் ஐந்தாவது படிக்கையில், ஒரு மத்தியானம், நூல் இல்லாத டின்னிலிருந்து நான்கு தட்டை வாங்கி வந்தேன். சற்று நேரத்தில் வாசலில் ஒரு சைக்கிள். பின்னால் அண்ணாச்சி. மிதித்து வந்தவர் செல்வி அக்காவின் வீட்டுக்காரர். செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிய காண்ட்ராக்ட் தொழிலாளி, தலையில் ஹெல்மெட்டோடு.

"பாப்பா, தட்டை எங்க? நூலு கட்ட மறந்துட்டு அவ வூட்ல அழுதுகினு இருக்கா!"

"தம்பி தின்னானா? சொல்லுட்டி!" இது அண்ணாச்சி.

தம்பி தின்னவில்லை. தோட்டத்துக் குழாயடியில் ஒளிந்து நான்கையும் நானே முடித்திருந்தேன். என் வாயோரத்துத் தூளைப் பார்த்த அண்ணாச்சி தம்பியிடம், "ஏலே, ஒங்கக்கா தீனிப்பண்டாரம். அதான் நீ பொழச்ச!" என்றார். என் பெருந்தீனிக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

ஹெல்மெட்காரர் சிரிக்கவில்லை. தம்பியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். "இந்தப் புள்ளதானா அது?" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஷிப்டை விட்டுவிட்டு, அக்காவிடம் சொல்லக் கம்மாபுரத்துக்கே திரும்பி மிதித்தார்.

அந்தக் கடை இப்போது இல்லை. அக்கா குடும்பம் எங்கே போயிற்றோ, விசாரித்தும் தெரியவில்லை. எங்கோ இருந்துகொண்டு அந்தப் பிஸ்கட்டில் கடலையைச் சேர்த்த ஒருவருக்கு, என் வீட்டில் இப்படியொரு பெண் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு நேற்றுப் போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.