வெள்ளை மாத்திரையில் இல்லாத கோடு

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பெயர் பவர் அக்கா. ஒரு லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தாலே பவர் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். இயந்திரத்தில் வைத்துப் பார்த்தால் கால் புள்ளிகூடத் தப்பியிருக்காது. கடையின் பின்புறத் தடுப்புக்குள் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது பதினாறு வருடமாக அவள் வேலை. தலையில் ஏற்றி வைத்த கண்ணாடியைக் காணோம் என்று தேடி வந்த பெரியவரிடம், "கண்டுபிடிச்சுத் தர்றேன், புதுசுக்கு ஆர்டர் குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி அவரையே சிரிக்க வைத்தவள்.

அவள்தான் நாற்பத்திரண்டாவது வயதில் படுத்துவிட்டாள். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. கண் விழித்தால் போர்வையை விலக்கக் கை வராது. பல் தேய்ப்பதே மலையாகத் தெரிந்தது. காரணமில்லாமல் அழுதாள், அழுவதற்கும் தெம்பில்லாதபோது சுவரைப் பார்த்துக் கிடந்தாள். குளிப்பதும் சாப்பிடுவதும் யாரோ ஒருத்திக்காகச் செய்கிற வேலைபோல ஆனது.

கணவன் வேன் ஓட்டுகிறவன். விடிவதற்கு முன்பே தொழிற்சாலை ஆட்களை ஏற்றப் போவான், மாலையில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்புவான். டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனது அவன்தான். ஒரு வருடத்தில் இரண்டு வகை மாத்திரை மாறியது. அழுகை நின்றது, எழுந்திருக்க மட்டும் முடியவில்லை.

"புயல் ஓஞ்சிடுச்சு, ஆனா இன்னும் படகு நகரல. அப்படித்தானே?" என்று கேட்டார் டாக்டரம்மா. அவள் தலையாட்டினாள்.

"பழைய மாத்திரை அப்படியே இருக்கட்டும். காலைல கூட இதையும் ஒண்ணு சாப்பிடுங்க. கவனம் நிக்காத பிள்ளைங்களுக்குக் குடுக்கிற மாத்திரை இது, மூளையைச் சுறுசுறுப்பாக்கும். உங்க வியாதிக்கு இதை முதல்ல குடுக்க மாட்டோம். மத்தது கைகொடுக்காதப்போ சில பேருக்கு உதவுது, சில பேருக்கு இல்ல. மாசா மாசம் வந்து பிரஷர் பாக்கணும். தப்பாப் பழகிக்கிற மருந்து, அதனால எண்ணித்தான் தருவாங்க. பத்திரம்."

"நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்றான் கணவன்.

ஐந்தாவது நாள் அவள் தானாகவே நகம் வெட்டிக்கொண்டாள். வெட்டி முடித்த பிறகுதான், யாரும் சொல்லாமல் செய்திருக்கிறோம் என்பது உறைத்தது. மூன்றாவது வாரம் கடைக்குப் போனாள். மதியத்துக்குள் ஒன்பது கண்ணாடி முடித்தாள். முதலாளி எட்டிப் பார்த்து, "பவர் வந்திருச்சு போல" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. செய்ய நினைத்ததைச் செய்ய முடிந்தது, அவ்வளவுதான். அதுவே அவளுக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது.

மாத்திரை வாங்குவது, எடுத்து வைப்பது எல்லாம் கணவன் பொறுப்பு. தினமும் கிளம்பும் முன் அவளை மெல்ல எழுப்பி, உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, தண்ணீர் தம்ளரை நீட்டுவான். அரைத் தூக்கத்தில் விழுங்கிவிட்டு அவள் மறுபடி சாய்வாள். "இப்படி ஒரு புருஷன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று மாமியார் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

நான்காவது மாதம் மறுபடி சரிந்தாள். முதலில் இரண்டு நாள் லீவு, பிறகு ஒரு வாரம். ஒரு லென்ஸை அளவு தப்பித் தேய்த்து உடைத்தாள், பதினாறு வருடத்தில் இல்லாத தவறு. டாக்டரம்மா யோசித்தார். "சிலருக்குப் போகப்போகக் கேக்காது" என்று அளவைக் கூட்டி எழுதினார். அதுவும் கேட்கவில்லை.

"மருந்து பாதிதான் செய்யும். மீதிக்கு நீதான் மனசு வைக்கணும்" என்றான் கணவன், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து. அவள் கூசிப்போனாள். எல்லாரும் இவ்வளவு செய்தும் எழ முடியாத தன்னைத் தானே வெறுத்தாள்.

ஒருநாள் வேன் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. மாத்திரையை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்துவிட்டுப் போனான். அன்று எப்படியோ எழுந்து வேலைக்குக் கிளம்பும்போதுதான் விழுங்க மறந்தது ஞாபகம் வந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக் கடைக்கு எடுத்து வந்தாள். வேலை மேசையில் பிரித்தபோது விளக்கு வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது. பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். முதல் மாதம் பார்த்த மாத்திரையில் நடுவே ஒரு கோடு இருந்தது. இதில் இல்லை. விளிம்பும் வேறு மாதிரி இருந்தது.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார். "இது கால்சியம் மாத்திரைம்மா. எலும்புக்கு."

"எனக்கு வாங்குறது?"

அவர் பதிவேட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "அது ஒரு மாசம்கூடத் தவறலையே. உங்க வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போறார். கால்சியமும் அவர்தான் வாங்கினார், அம்மாவுக்குன்னு சொல்லி."

அவள் நேராக வேன் நிற்கும் இடத்துக்குப் போனாள். அவன் ஓட்டுநர் இருக்கையில் விரலால் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் இளைத்திருப்பதே அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. மாத்திரையை அவன்முன் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

"ஒரு நாள் கண் அசந்துட்டேன்" என்றான். "வண்டி நிறைய ஆளு. பயந்துபோய் உன்னோடதுல ஒண்ணு போட்டேன். நாள் முழுக்கத் தூக்கமே வரல. நீயும் அப்போ நல்லா ஆயிட்ட. ஒரு மாசம் மட்டும்னுதான் நெனச்சேன். அப்புறம் விட முடியல."

"கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? டாக்டர்கிட்ட சேந்தே போயிருப்போம்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் எந்திரிக்க முடியாம கெடந்தேன். என் மாத்திரை உங்க வயித்துக்குள்ள இருந்துச்சு. பக்கத்துல உக்காந்து மனசு வைன்னு சொன்னீங்க. அப்படிச் சொல்ல வாய் எப்படி வந்துச்சு?"

அவன் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தான். அவளுக்கு அழுகை வரவில்லை, வராதது ஆச்சரியமாகவும் இல்லை. பஸ் பிடித்து டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். "நல்லவேளை. அடுத்த மாசம் இது வேலைக்காகலன்னு நிறுத்தியிருப்பேன்" என்றார். பழைய குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். கணவனையும் வரச் சொன்னார். அந்த மாத்திரையோடு வேன் ஓட்டக் கூடாது என்று எழுதியே அனுப்பினார். அவன் டாக்டரைப் போய்ப் பார்த்தான். வேலையை விட்டு அம்மா வீட்டில் தங்கினான். முதல் நான்கு நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினான் என்று கேள்விப்பட்டாள். போய்ப் பார்க்கவில்லை.

மருந்து மறுபடி கேட்டது. இரண்டு மாதத்தில் பழைய வேகம் முக்கால்வாசி வந்துவிட்டது. அப்போதுதான் மாமியார் கடைக்கு வந்தார். கண்ணாடி மூக்கில் வழுக்குகிறது என்று கழற்றிக் கொடுத்தார், வந்த விஷயம் அதுவல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

"ஒரு மாத்திரைக்காகவாம்மா இப்படிப் பிரிஞ்சு கெடக்குறது? அவன் மனசறிஞ்சு செய்யல."

"கையறிஞ்சுதானே அத்தை செஞ்சாரு. தெனமும் ரெண்டு டப்பாவையும் தொறந்து, எதை யாருக்குன்னு பாத்து எடுத்த கை அது."

"டாக்டர்கிட்ட போறான். உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"போகட்டும். நல்லாகட்டும். அதுல எனக்குக் கோபம் இல்ல." திருகாணியை இறுக்கி, காதுக் கம்பியைச் சற்று வளைத்து, கண்ணாடியைத் தானே அத்தையின் முகத்தில் மாட்டிவிட்டாள். "எனக்கு முடியலன்னு தெரிஞ்சும் என்னையே குத்தம் சொன்னாரே, அது போக மாட்டேங்குது. என்ன செய்யட்டும், சொல்லுங்க."

மாமியார் தலையை ஒருமுறை குனிந்து நிமிர்ந்தார். பிறகு, "இப்போ வழுக்கல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மேசையில் இன்னும் ஆறு கண்ணாடி பாக்கி இருந்தது. அவள் அடுத்த லென்ஸை எடுத்தாள்.